331 கோவைகளும் ஒரு நிபந்தனையும்

1907-இல் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் எம்மி நோதர் முனைவர் பட்டத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டில் 331 கோவைகள் வரிசையாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மூன்று மாறிகள் கொண்ட நாற்படிக் கோவை ஒன்றை எடுத்துக்கொண்டு, மாறிகளை மாற்றி எழுதினாலும் அதனோடு உறவு குலையாமல் கூடவே வரும் கோவைகள் எவையெவை என்று கையால் கணக்கிட்டுச் சேர்த்த பட்டியல் அது. அவருடைய வழிகாட்டி பால் கோர்டன் வாழ்நாளெல்லாம் செய்த வேலையும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1921-இல், அதே நோதர் வளையங்களைப் பற்றி (எண்களைப் போலக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் முடிகிற தொகுதிகளைப் பற்றி) எழுதிய கட்டுரையில் நீண்ட சூத்திரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருப்பது வாதமும், அந்த வாதத்தைத் தாங்கும் ஒரு நிபந்தனையும். தன் ஆய்வேட்டைப் பின்னாளில் அவரே ‘சாணம்’ என்று பொருள்படும் சொல்லால் தள்ளிவிட்டார். கடுமையான சொல்தான், ஆனால் அதில் போலித் தன்னடக்கம் இல்லை. 331-இலிருந்து அந்த ஒரு நிபந்தனைக்கு வந்து சேர்ந்தவருக்கு, தான் எதை விட்டுவிட்டு வந்தோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

நோதரைப் பற்றிப் பொதுவாக இரண்டு செய்திகள் சொல்லப்படும். பெண் என்பதால் அவருக்கு வேலை மறுத்தார்கள், கணிதர் ஹில்பர்ட் அவருக்காகச் சண்டை போட்டார் என்பது ஒன்று. இயற்பியலில் ஒவ்வொரு தொடர் சமச்சீருக்கும் ஓர் அழிவின்மை விதி உண்டு என்று 1918-இல் நிறுவினார் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் சொல்லி முடித்த பிறகும், கணிதத்தில் அவர் செய்தது என்ன என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. காரணம் எளிது. அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து ஒரு தேற்றமாக இருந்திருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம். அது ஒரு கேள்வி கேட்கும் பழக்கம்: இந்தத் தேற்றம் நிற்பதற்கு உண்மையிலேயே எது வேண்டும், எது வேண்டாம்? அந்தப் பழக்கம் இன்று கல்லூரிப் பாடநூலின் இலக்கணமாகிவிட்டது. இலக்கணத்தை எழுதியவர் யார் என்று பேசும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கேள்விக்கு ஏன் அவசியம் வந்தது என்பதற்கு 6 என்ற சின்ன எண் போதும். சாதாரண முழு எண்களில் 6-ஐப் பகா எண்களாக உடைக்க ஒரே வழிதான்: 2 × 3. இப்போது மைனஸ் ஐந்தின் வர்க்கமூலத்தையும் முழு எண்களோடு சேர்த்துக்கொண்டு, a + b√−5 என்ற வடிவிலுள்ள எண்களுக்குள் கணக்குப் போடுங்கள். அங்கே 2 × 3 = 6 என்பதோடு (1 + √−5)(1 − √−5) = 6 என்றும் வருகிறது. இந்த நான்கு காரணிகளில் எதையும் அதற்கு மேல் உடைக்க முடியாது. காரணிப்படுத்தல் ஒன்றே ஒன்றுதான் என்ற, பள்ளி நாளிலிருந்து நாம் நம்பிய உறுதி இந்த இடத்தில் உடைந்துபோகிறது. 1847-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் லாமே ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக அறிவித்தபோது, வேறொரு எண் தொகுதியில் இதே பள்ளத்தில்தான் கால் வைத்தார். அந்தப் பள்ளம் இருப்பதை கும்மர் ஏற்கெனவே கண்டுபிடித்து, அதைக் கடக்க ‘ஐடியல் எண்கள்’ என்ற கற்பனைப் பொருள்களைப் புகுத்தியிருந்தார். 1871-இல் டெடகிண்ட் அந்தக் கற்பனைக்கு உடம்பு கொடுத்தார். ஓர் எண்ணைப் பார்க்காமல் அதன் மடங்குகள் போன்ற ஒரு முழுத் திரட்டையே பார்ப்பது அவருடைய வழி. உள்ளே எந்த இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் உள்ளேயே நிற்க வேண்டும். வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்து பெருக்கினாலும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் திரட்டுக்கு ஐடியல் என்று பெயர். எண்களில் சிதறிப்போன ஒருமைத்தன்மை, ஐடியல்களில் திரும்பக் கிடைத்தது.

பல்லுறுப்புக்கோவைகளிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. 1905-இல் எமானுவேல் லாஸ்கர் (உலகச் சதுரங்க வாகையராக இருந்த அதே லாஸ்கர்தான்) பல்லுறுப்புக்கோவைகளின் ஐடியல்களையும் சில அடிப்படைத் துண்டுகளாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். ஆனால் அதற்கு அவர் போட்ட கணக்கு மிகக் கனமானது. எண்களுக்கு ஒரு நிரூபணம், பல்லுறுப்புக்கோவைகளுக்கு வேறொரு நிரூபணம் என்று இரண்டும் தனித்தனியே இருந்தன. நோதர் 1921-இல் கேட்டது, இவை இரண்டும் பொதுவாக எதன் மேல் சாய்ந்து நிற்கின்றன என்பதைத்தான். அவர் கண்ட விடையை முழு எண்களில் வைத்தே பார்த்துவிடலாம். 60-இன் மடங்குகள் ஓர் ஐடியல். அது 30-இன் மடங்குகளுக்குள் அடங்கும்; அது 15-இன் மடங்குகளுக்குள்; அது 5-இன் மடங்குகளுக்குள்; அதற்கும் மேலே எல்லா முழு எண்களும். சங்கிலி அங்கே நின்றுவிடுகிறது. எந்த எண்ணில் தொடங்கினாலும், எந்த வழியில் ஏறினாலும், சில படிகளில் நின்றே தீரும். இப்படி ஏறுகிற சங்கிலி எல்லாம் எங்கேயாவது நிற்கும் என்ற ஒரே ஒரு நிபந்தனை போதும், லாஸ்கரின் தேற்றம் கணக்கே இல்லாமல் சில பக்கங்களில் வந்துவிடும் என்று நோதர் காட்டினார். இந்த நிபந்தனை எல்லா வளையத்துக்கும் தானாகப் பொருந்துவதில்லை. முடிவில்லாத எண்ணிக்கையில் மாறிகளை வைத்துக்கொண்டால் முதல் மாறி, முதல் இரண்டு, முதல் மூன்று என்று சங்கிலி ஏறிக்கொண்டே போகும். ஆகவே நிபந்தனைக்கு வேலை இருக்கிறது. அது வெறும் அலங்காரம் இல்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் 1918-இன் இயற்பியல் தேற்றமும் தனித்தீவாகத் தெரியாது. பொதுச் சார்பியலில் ஆற்றல் அழிவின்மை ஏன் வழக்கம்போல் வரவில்லை என்பது ஹில்பர்ட்டையும் க்ளைனையும் குழப்பிய கேள்வி. நோதர் கேட்டது அதற்கு முந்தைய கேள்வி: அழிவின்மை விதி என்பதே எதிலிருந்து வருகிறது? இடவியலிலும் அப்படித்தான். ஒரு வடிவத்தின் துளைகளை எண்ணி ‘பெட்டி எண்கள்’ (Betti) என்று குறித்துவைத்துக்கொண்டிருந்தார்கள். எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அவை எந்தக் குலத்திலிருந்து (group என்ற இயற்கணித அமைப்பிலிருந்து) வருகின்றனவோ அந்தக் குலத்தையே கையிலெடுங்கள் என்று 1920-களின் நடுவில் கோட்டிங்கனில் அவர் சொன்ன யோசனை, அலெக்சாண்ட்ரோவ், ஹோஃப் ஆகியோர் வழியாக அந்தத் துறையையே மாற்றியது.

இந்தக் கேள்விப் பழக்கம் நோதருடையது என்பதற்கு முதல் மறுப்பை அவரே எழுதிவைத்திருக்கிறார் எனலாம். எல்லாம் ஏற்கெனவே டெடகிண்டிடம் இருக்கிறது என்பது அவர் ஓயாமல் சொல்லிவந்த பேச்சு. டெடகிண்டின் தொகுப்பு நூல்களைப் பதிப்பித்தவர்களில் அவரும் ஒருவர். அப்படியானால் அவர் புதிதாகச் செய்தது என்ன? சங்கிலி நிற்கும் என்பது டெடகிண்டுக்குத் தெரிந்திருந்தது, மெய்தான். ஆனால் அங்கே அது அவருடைய எண்களைப் பற்றி நிறுவப்பட்ட ஒரு முடிவு. நோதர் அதைத் தொடக்கமாக்கினார். வீட்டில் ஒரு தூண் இருப்பதை அறிவது வேறு. மற்றச் சுவர்களை இடித்துப் பார்த்து, கூரை அந்தத் தூணில்தான் நிற்கிறது என்று காட்டுவது வேறு. 1927-இல் அவர் இன்னொரு படி போனார். ஐடியல்கள் ஒரே விதமாகப் பகா ஐடியல்களாக உடைய வேண்டுமென்றால் ஒரு வளையத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு, ஐந்து நிபந்தனைகளை எழுதினார். அவற்றுக்கு உட்பட்ட வளையங்களை இன்று டெடகிண்ட் வளையங்கள் என்கிறோம். நிபந்தனை இவருடையது, பெயர் அவருடையது. நோதர் இதைப் பற்றி வருத்தப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் நாசூக்கானது. பதவியும் சம்பளமும் இல்லாததால்தான் அவரால் பழைய பாதையை விட்டுத் துணிந்து போக முடிந்தது, புறக்கணிப்பே ஒரு விதத்தில் விடுதலை ஆனது என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. 1908 முதல் 1915 வரை எர்லாங்கனில் ஊதியமில்லாமல் வேலை. அதன்பின் கோட்டிங்கனில் 1919 வரை அவருடைய வகுப்புகள் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்டன. 1922-இல் சம்பளமில்லாத பேராசிரியர் பட்டம். சிறு தொகை ஒன்று கிடைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1933-இல் யூதர் என்பதால் அதுவும் பறிக்கப்பட்டு, அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரிக்குப் போனார். இந்தப் பட்டியலில் எந்த வரி அருவமான சிந்தனைக்கு உரம் போட்டது? அதே பாதையில் நடந்த ஹில்பர்ட்டும் எமில் ஆர்ட்டினும் முறையான பதவியில் இருந்துகொண்டே அதைச் செய்தார்கள். பதவியின்மை கொடுத்த விளைவு வேறு மாதிரியானது. அவருடைய கருத்துகள் பெரும்பாலும் அடுத்தவர் எழுதிய புத்தகங்கள் வழியாகவே உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1930, 31-இல் வான் டெர் வேர்டன் வெளியிட்ட ‘நவீன இயற்கணிதம்’ உலகமெங்கும் பாடத்திட்டத்தை மாற்றியது. ஆர்ட்டின், நோதர் இருவரின் விரிவுரைகளையும் பயன்படுத்தியது என்று அதன் தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. வான் டெர் வேர்டன் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் தலைப்புப் பக்கத்தின் சின்ன எழுத்தை எத்தனை மாணவர்கள் படிக்கிறார்கள்?

மூன்றாவது மறுப்புதான் கனமானது. கோர்டன் தலைமுறைக்கும் கணிதர் ஹெர்மன் வைலுக்கும் பொதுவான மனக்குறை அது. அருவமான வாதம் ‘இருக்கிறது’ என்று சொல்லும். எடுத்துக் கையில் கொடுக்காது. 1931-இல் வைல், இந்த அருவ நிலத்தின் வளம் தீர்ந்துகொண்டிருக்கிறது, இனி திட்டமான பிரச்சினைகளுக்குத் திரும்ப வேண்டும் என்று எச்சரித்தார். நோதர் ஒப்புக்கொள்ளவில்லை, 1935-இல் அவர் இறந்தபின் ஆற்றிய நினைவுரையில் வைலே அதைச் சொல்லியிருக்கிறார். வைலின் கவலையைச் சும்மா தள்ளிவிட முடியாது. நிபந்தனைகளைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே எழுதப்பட்ட, யாருக்கும் பயன்படாத கட்டுரைகள் பின்னால் வண்டி வண்டியாக வந்தன. ஆனால் நோதரின் கைக்கு அது பொருந்தாது. வைல் எச்சரித்த மறு ஆண்டே பிரவுவர், ஹாஸெ ஆகியோரோடு சேர்ந்து எண் களங்கள் மீதான வகுத்தல் இயற்கணிதங்கள் எப்படிப்பட்டவை என்ற திட்டமான கேள்விக்கு முழு விடை கொடுத்தார். லாமே சறுக்கி விழுந்த ஃபெர்மா தேற்றத்தை 1995-இல் வைல்ஸ் நிறுவியபோது, அந்த நிரூபணத்தின் கடைசி ஓட்டையை அடைக்க டெய்லரோடு சேர்ந்து எழுதிய துணைக் கட்டுரை முழுக்க முழுக்க வளையங்களின் பண்புகளைப் பற்றியது.

‘எடுத்துக் கையில் கொடுக்காது’ என்ற குறைக்கும் விடை அவர் வகுப்பிலிருந்தே வந்தது. அவருடைய மாணவி கிரேட்டே ஹெர்மான் 1926-இல் எழுதிய ஆய்வேடு, பல்லுறுப்புக்கோவை ஐடியல்களைப் பற்றிய கேள்விகளுக்கு எத்தனை படிகளுக்குள் விடை கண்டுவிடலாம் என்று முன்கூட்டியே வரம்பு போட்டது. எண்ணிக்கை பயங்கரமாக வளர்ந்தாலும் வரம்பு வரம்புதான். கோர்டனுக்கு வேண்டியிருந்த கணக்கு, நோதரின் கருத்துகளுக்கு மேலே ஏறி நின்றுகொண்டு திரும்பி வந்தது. 1965-இல் இன்ஸ்ப்ருக்கில் புருனோ புக்பெர்கர் தன் ஆய்வேட்டில் கொடுத்த செயல்முறை இன்று கணினியில் இயற்கணிதம் செய்யும் மென்பொருள்களில் இருக்கிறது. நான்கைந்து பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகளை அதனிடம் கொடுத்தால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மீதியைச் சேர்த்து, திரும்பத் திரும்ப அதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு முறை புது மீதி கிடைக்கும்போதும் ஓர் ஐடியல் சற்றுப் பெரிதாகிறது. சில சமயம் நிமிடங்களில் முடியும், சில சமயம் நாள்கணக்கில் ஓடும். ஆனால் ஒருநாள் நின்றே தீரும். பல்லுறுப்புக்கோவைகளின் வளையத்தில் ஏறுகிற சங்கிலி நிற்காமல் போவதில்லை.