டீச்சர்மார்ட வேன் எங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய வேன் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

96ஆம் கட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள்: "டீச்சர்மார்ட வேன் எங்க?" வித்துவிட்டோம் என்றால் அடுத்த கேள்வி, "எவ்வளவுக்கு?" விலையைச் சொன்னதும், "அவ்வளவு குறைச்சலாவா குடுத்தீங்க?" என்று முகத்தைப் பார்க்கிறார்கள். ஏன் குறைத்துக் கொடுத்தோம் என்பதைத்தான் எழுதுகிறோம்.

நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் 96ஆம் கட்டை, ஒருவர் முள்ளிப்பொத்தானை, ஒருவர் கோயிலடி. எல்லாருக்கும் பாடசாலை திருகோணமலைப் பக்கம். காலை பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. 2014இல் ஐந்து பேரும் காசு போட்டு 13 இலட்சத்துக்கு ஒரு வேன் வாங்கினோம். எங்கட றோட்டில் ஓடும் டவுன் ஏஸ், லைட் ஏஸ், வெனட், டெலிகா என்ற பழைய ஜப்பான் டீசல் வேன்களில் ஒன்று. எது என்று சொல்லப் போவதில்லை. பிழை வேனில் இல்லை, எங்களில்தான்.

முதல் நாளே ஒரு சிஆர் கொப்பி வாங்கி வேனுக்குள் வைத்தோம். செய்த வேலை, போட்ட சாமான், கொடுத்த காசு, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் எழுதுவோம். கணித டீச்சர் இன்னொரு பத்தியும் கோடு போட்டு வைத்தார்: வேனால் பாடசாலைக்குப் பிந்திய நாட்கள்.

இந்த வகை வேன்களில் இஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கும், ரேடியேட்டர் முன்னுக்கு. இரண்டுக்கும் இடையில் நீளமான பைப்பும் ஓஸும். எங்காவது ஒரு துளி ஒழுகினாலும் ஆசனத்தைத் தூக்கிப் பார்க்காமல் தெரியாது. எங்கட வேனில் இஞ்சின் பிளொக் இரும்பு, மேலே ஹெட் அலுமினியம். சூடேறும்போது இரண்டும் ஒரே அளவில் விரியாது. தண்ணீர் குறைந்து அளவுக்கு மிஞ்சிச் சூடானால் முதலில் போவது ஹெட்தான்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டோம்.

2022 யாருக்கும் மறக்காது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாய். பிறகு கியூஆர் வந்து, வேனுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்றார்கள். டீசல் கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்ததில், வேனின் உடம்பை யார் பார்த்தது? தண்ணீர் குறைகிறது என்று தெரியும். ஒவ்வொரு காலையும் ஒரு போத்தல் ஊற்றிவிட்டு ஓடினோம்.

கராஜ் நானாவிடம் காட்டியபோது சொன்னார்: "இந்தக் கிழமை செஞ்சா ஓஸும் வாட்டர் பம்பும்தான், 22 ஆயிரத்தோட முடியும். விட்டீங்கண்டா ஹெட்டக் கழட்டணும்."

சம்பளம் வரட்டும் என்றோம். சம்பளம் வந்தது, அரிசிக்கும் கேஸுக்கும் போனது. அடுத்த மாதம் என்றோம்.

2023 தொடக்கத்தில் எங்களில் ஒருவரின் உம்மாவைக் கண்டிக்கு கிளினிக் கொண்டு போனோம். விடியுமுன் புறப்பட்டுக் கந்தளாய் தாண்டினோம். அலுத் ஓயாக் காட்டுக்குள் முன் ஆசனம் சுட ஆரம்பித்தது. முள் சிவப்பில் நின்றது. வெள்ளைப் புகையோடு வேனும் நின்றது. யானை வரும் இடம், இன்னும் இருட்டு. உம்மாவை இறக்கவும் முடியாது, சூட்டில் உள்ளே வைக்கவும் முடியாது. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மரக்கறி லொறிக்காரர் நிறுத்தி, உம்மாவையும் மகளையும் முன்னால் ஏற்றி ஹபரணையில் விட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டோம். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும்.

ஹெட் வெடித்திருந்தது. புது ஹெட்டுக்கு வசதியில்லை, வெல்டிங் செய்து முகம் சீவிப் போட்டோம். கேஸ்கட், டைமிங் பெல்ட், பம்ப், இழுத்து வந்த கூலி எல்லாம் சேர்த்து 1 இலட்சத்து 85 ஆயிரம். ஆளுக்கு 37 ஆயிரம். 22 ஆயிரத்தைப் பிந்தப் போட்டதன் விலை அது.

பத்து வருடக் கொப்பியைக் கூட்டிப் பார்த்தோம். டீசல், டயர் இல்லாமல் திருத்த வேலைக்கு மட்டும் 9 இலட்சத்து 40 ஆயிரம். அதில் கிட்டத்தட்டப் பாதி மூன்றே பில். ஒன்று இந்த ஹெட். இரண்டாவது, புகைப் பரிசோதனையில் பெயிலாகும்வரை கறுப்புப் புகையைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் வந்த டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை. மூன்றாவது, உப்புக் காற்றில் அடித்தட்டில் பிடித்த கையகலத் துருவைப் பெயின்ட் அடித்து மறைத்ததால் வந்த டிங்கரிங். மூன்றும் முன்கூட்டியே எங்களுக்கு அறிவித்தவை. வயது போனதால் வந்த செலவை விட, நாங்கள் தள்ளிப் போட்டதால் வந்த செலவுதான் கூட.

கணித டீச்சரின் பத்தியில் 31 நாட்கள். அந்த 31 நாளும் முதலாம் பாடத்துக்குப் பிள்ளைகள் டீச்சரில்லாமல் இருந்திருக்கிறார்கள். அதற்கு எந்தக் கராஜிலும் பில் இல்லை.

2024இல் விற்க முடிவு செய்தோம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி அப்போதும் திறக்கவில்லை. அதனால் வேன் பழசாகப் பழசாக விலை ஏறியது. கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி வந்து பார்த்தார். ஓடிப் பார்த்தார். 24 இலட்சம் என்றார். சந்தோஷத்தில் எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

ஹெட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. "கேக்காத்தச் சொல்லணுமா? இப்ப நல்லாத்தானே ஓடுது?" என்றார் எங்களில் ஒருவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அப்போது கோயிலடி சேர் அந்தத் தம்பியிடம், "என்னத்துக்குத் தம்பி வேன்?" என்று கேட்டார்.

"ஸ்கூல் ஹயர் ஓட சேர். பதினாலு புள்ளயள் இரிக்கி."

பிறகு யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குறையை மறைத்து விற்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். கொப்பியை எடுத்துக் கொடுத்தோம். ஹெட் வெல்டிங், அடித்தட்டுத் துரு, அலுத் ஓயா எல்லாம் தேதியோடு இருந்தது. அவர் கொப்பியை வாங்கித் தன் பாஸிடம் காட்டப் போனார். நான்கு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் வந்து, "இருபத்தொண்டரைக்குத் தாங்க. ஆனா இந்தக் கொப்பியும் வேணும்" என்றார்.

இரண்டரை இலட்சம் குறைந்தது. ஆளுக்கு 50 ஆயிரம். லேசான காசில்லை, எங்களில் ஒருவர் கடனில் இருந்தார். என்றாலும் கொடுத்தோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு எங்களால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். ஆசனத்தைத் தூக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா, டைமிங் பெல்ட் எத்தனையாம் கிலோமீட்டரில் மாற்றியது என்று பாருங்கள். விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் வருடத் திருத்த வேலைக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள்.

போன மாதம் அந்தத் தம்பி போன் எடுத்தார். ஏதோ பிரச்சினை என்று நெஞ்சு படபடத்தது. "டீச்சர், கொப்பியப் பாத்தன். பெல்ட் மாத்துற கிலோமீட்டர் வந்துட்டு. மாத்திட்டன். அதையும் எழுதிட்டன்" என்றார்.

நாங்கள் இன்னும் பஸ்ஸில்தான் போகிறோம். சில காலையில் அந்த வேன் பிள்ளைகளோடு எங்களைத் தாண்டிப் போகும். புகை வருகிறதா என்று ஐந்து பேரும் திரும்பிப் பார்ப்போம்.