துடைப்பக் கட்டையும் தண்ணீர்க் குழாயும் கற்பித்த பாடம்



புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டப்புறங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. தந்தை செம்பனைத் தோட்டத்திற்கு வேலைக்குச் செல்வதும், பிள்ளை பள்ளிக்கு வருவதும், வீட்டுக்கு வேண்டியதை வாங்கக் கோல சிலாங்கூர் பட்டணத்திற்குப் போவதும் அதில்தான். குலை ஏற்றும் லாரிகள் குழியாக்கிய செம்மண் பாதையில் வண்டியின் முன்பகுதியே அதிகம் அடி வாங்குகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் தூசி படிந்திருந்தால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஆயில் சீல் பழுதடைந்துவிட்டது என்று பொருள்.

ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்குகிறது. உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும் உள்ளன. வில் மட்டும் இருந்தால், குழியில் இறங்கிய வண்டி பலமுறை துள்ளும். சிறு துளைகள் வழியே எண்ணெய் தடைபட்டுச் செல்வதால் அத்துள்ளல் அடங்குகிறது. இத்தகைய ஃபோர்க்கை 1935ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் விற்பனை வண்டிகளில் பொருத்தியது. நம் தோட்டத்துக் காப்சாய் வரை அதே தத்துவம்தான். இரு குழாய்களுக்கும் இடையே எண்ணெயை வெளியேறாமல் காக்கும் ரப்பர் வளையமே சீல். அது தேய்ந்தால் துள்ளல் அடங்காது. வழியும் எண்ணெய் பிரேக்கில் பட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. பின்னால் பிள்ளையை ஏற்றிச் செல்பவருக்கு இது சிறிய குறையன்று.

என் காப்சாயிலும் அண்மையில் இக்கசிவு தோன்றியது. சீலின் விலை குறைவு. ஆனால் அதைக் கழற்றி மாட்டத் தனிக் கருவிகள் வேண்டும். அவை இல்லாமலேயே இவ்வேலையைச் செய்பவர் என்று என் மாணவன் ஒருவனின் தந்தையைப் பலரும் சுட்டினர். அவரை நான் முன்பே அறிவேன். பெற்றோர் சந்திப்பு நாளில் மகனின் கணிதப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, “நான் ஆறாம் ஆண்டோடு நின்றவன், ஐயா. பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?” என்று தலைகுனிந்தவர் அவர்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் வேலை தொடங்கியது. இயந்திரத்தின் அடியில் மரக்கட்டைகளை வைத்து முன்சக்கரத்தை உயர்த்தினார். வண்டி அசையவில்லை என்று உறுதி செய்த பின்னரே மகனை அருகில் அழைத்தார்.

முதல் சிக்கல், ஃபோர்க்கின் அடியிலுள்ள போல்ட்டு. அதைத் திருகினால் உள்ளிருக்கும் தண்டும் சேர்ந்து சுழலும். அத்தண்டைப் பிடித்துக்கொள்ளப் பட்டறைகளில் நீண்ட கருவி உண்டு. இவரோ துடைப்பக் கட்டையின் நுனியைக் கூராகச் சீவி, குழாயின் மேல்வாய் வழியே இறக்கி, தண்டின் தலையில் பொருத்தினார். மகன் கட்டையை அழுத்த, தந்தை திருக, போல்ட்டு கழன்றது.

இரண்டாவது சிக்கல், புதிய சீலைக் கோணாமல் உள்ளே இறக்குவது. சுத்தியலால் ஒரு பக்கம் தட்டினால் அது சாய்ந்து கெட்டுவிடும். சீலின் உறையில் 26, 37, 10.5 என மூன்று எண்கள் இருந்தன. உள்விட்டம், வெளிவிட்டம், உயரம், யாவும் மில்லிமீட்டரில். “26ஐ விட அகலமான வாய், 37ஐ விட ஒடுக்கமான உடம்பு. அப்படி ஒரு குழாய் தேடு” என்றார் மகனிடம். பையன் அடிக்கோலுடன் வீட்டின் பின்புறம் சென்று, எஞ்சிக் கிடந்த தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்தான். கடையில் ஓர் அங்குலக் குழாய் என விற்கப்படுவது வெளியே 33 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவும், உள்ளே ஏறக்குறைய 28 மில்லிமீட்டராகவும் இருந்தது. “ஓர் அங்குலம் 25.4 தானே, ஐயா? இது ஏன் பெரியதாக இருக்கிறது?” என்று என்னைக் கேட்டான். தசமங்களில் தடுமாறும் மாணவன் கேட்ட கேள்வி அது.

அக்குழாயின் வாயை அரத்தால் சமமாக்கி, உள்குழாயின்மேல் மாட்டி, மேலும் கீழும் இழுத்துச் சீலைத் தட்டி இறக்கினர். சீலின் உதடு கிழியாதிருக்க, அதை மாட்டும்போது உள்குழாயின் நுனியில் ரொட்டிப் பையின் துண்டைச் சுற்றியிருந்தார். எண்ணெயை அளக்க, வீட்டில் பயன்படாமல் கிடந்த குழந்தைப் பால்புட்டி உதவியது. வண்டியின் கையேட்டில் குறித்த அளவு இரு கால்களுக்கும் ஒன்றாகவே ஊற்றப்பட்டது. பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டவில்லை. பட்டறையில் ஒப்படைக்கப் போத்தலில் அடைத்தார். நம் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில்தானே மின்மினிகள் வாழ்கின்றன என்று மகனுக்குக் காரணமும் கூறினார். குழாய் வளைந்திருந்தாலோ துரு ஆழமாக அரித்திருந்தாலோ புதிய சீலும் நிலைக்காது, குழாயையே மாற்ற வேண்டும் என்று என்னையும் எச்சரித்தார். பிரேக்கைச் சோதித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்னரே வண்டியைத் தந்தார்.

நண்பர்களே, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் எனும் பாடத்தில் நாம் சிக்கலை அறிதல், வடிவமைத்தல், உருவாக்குதல், சோதித்தல் என்று கற்பிக்கிறோம். அவை அனைத்தும் அந்த வாசலில் நடந்தன. ஆயினும், தோட்டப்புறப் பெற்றோரால் பிள்ளைகளின் கல்விக்கு உதவ இயலாது எனும் பேச்சு ஆசிரியர் அறைகளில் எழுவதுண்டு. பெற்றோரும் அதை நம்பிவிடுகின்றனர். அதுவே என் கவலை. தாம் அறிந்தது அறிவே அன்று என எண்ணும் தந்தை, வேலை செய்யும்போது அருகில் வரும் பிள்ளையை “போய்ப் படி” என்று விரட்டிவிடுவார். அந்த விரட்டலில் இருவருமே இழக்கின்றனர்.

மறுவாரம் தசமப் பாடத்தில் அம்மூன்று எண்களையே பலகையில் எழுதி, வளையத்தின் அகலம் என்ன என்று கேட்டேன். 37இலிருந்து 26ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, 5.5 என்றான் அவன். ஏன் இரண்டால் வகுக்க வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டனர். “வளையம் இரண்டு பக்கமும் இருக்கிறதே” என்றான். அடுத்த தேர்வில் அவன் புள்ளிகள் எவ்வளவு உயரும் என்று என்னால் கூற இயலாது. அந்த விளக்கத்தை அவனுக்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

ஆகவே பெற்றோர்களே, வீட்டில் எதையேனும் பழுது பார்க்கும்போது பாதுகாப்பை உறுதி செய்துகொண்டு, அளவுகோலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஆசிரியர்களே, அடுத்த பெற்றோர் சந்திப்பில் புள்ளிகளைச் சொல்வதற்கு முன், அவர்கள் என்ன வேலை அறிவார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.