அவரும் அவரும் ஒரே ஆள்தான்

ஏ/எல் எழுதிப்போட்டு றிசல்ட் வரும்வரைக்கும் எண்டுதான் உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கிற ஒரு கொம்யூனிகேசன் கடைக்கு வேலைக்குப் போனேன். மூன்று வருசமாகிறது, இன்னும் அங்கேதான். ஃபொட்டோ கொப்பி, லமினேட், ரீலோட், டைப்பிங். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், கட்டாருக்குப் போகக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். அதிகமாக வருவது பெயர்ப் பிரச்சினை.

எங்கட பெயர்களை இங்கிலீஷில் எழுதும்போது ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு எழுத்து விழும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. தமிழில் ஒரே பெயர். இங்கிலீஷில் இரண்டு ஆள். பிறகு, "இந்த இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்" எண்டு ஒரு சத்தியக்கடதாசி அடித்து, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கடதாசியை அடிக்கிறதுதான் என் வேலை.

நான் சொல்லப்போவது நான் விட்ட ஒரு பிழை. ஒரு அண்ணா வந்தார். பெயர் 'ராசா' எண்டு முடியும். பிறப்புப் பத்திரத்தில் அந்த ராசா 'எஸ்' போட்டு, கடைசியில் 'எச்' இல்லாமல். அடையாள அட்டையில் 'ஜே' போட்டு, கடைசியில் 'எச்' ஓடு. இரண்டையும் போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் கணினியில் படத்தைத் திறந்து பார்த்தேன், ஆல்ட் டாப் அழுத்தி வேர்டுக்கு வந்தேன், அடித்தேன். திரும்பிப் போய் அடுத்ததைப் பார்த்தேன், வந்து அடித்தேன். இரண்டு இடத்திலும் 'ஜே' தான் அடித்திருக்கிறேன். அதாவது இன்னாரும் அதே இன்னாரும் ஒரே ஆள் எண்டு அந்த மனுசன் சத்தியம் செய்திருக்கிறார். அவரும் பார்க்கவில்லை, கையெழுத்து வைத்தவரும் பார்க்கவில்லை. இரவு பஸ் ஏறி கொழும்பு போய், கவுண்டரில் கொடுத்தபோதுதான் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் கூலி, போக வர பஸ் காசு, இரண்டு இரவு நித்திரை.

திரும்பி வந்தவர் சத்தம் போடவில்லை. "ஒரு எழுத்துத்தானே பிள்ளை, மாத்தித் தாங்கோ" எண்டார். அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. காசு வாங்காமல் திரும்ப அடித்துக் கொடுத்தேன். கடை அக்கா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு முழுக்க என்னோடு கதைக்கவும் இல்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கண் சரியாகத்தான் தெரியும், இங்கிலீஷும் தெரியும். பிழை வந்தது படத்துக்கும் வேர்டுக்கும் இடையில். இரண்டையுமே முழுத்திரையாக வைத்திருந்தேன். ஒன்று தெரியும்போது மற்றது தெரியாது. நடுவில் இருக்கிற அந்த ஒரு செக்கனுக்குப் பெயரை நான்தான் தலையில் சுமக்கிறேன். தலை எதைச் சுமக்கும்? வழக்கமாகக் காண்கிற எழுத்தை. 'ஜே'யும் 'எச்'சும் போட்ட ராஜாக்களைத்தான் நான் நாளாந்தம் அடிக்கிறேன், அதனால் விரல் அங்கே போய்விட்டது.

நிரலைத் திறந்தவுடன் மேல் மூலையில் இருக்கிற சதுரத்தை அழுத்திப் பெரிதாக்குகிறது எங்களுக்கு ஒரு பழக்கம். போனில் பழகிய கை எண்டு நினைக்கிறேன். போனில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஆனால் கணினியில் அந்த யன்னல்கள் வந்ததே பலதைச் சேர்த்துப் பார்க்கத்தான். 1985 இல் வந்த முதல் விண்டோஸில் யன்னல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறவே ஏறாது. தரையில் பதித்த ஓடுகள் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 1987 இல் விண்டோஸ் 2 வந்த பிறகுதான் ஒன்றை ஒன்று மூடத் தொடங்கியது. அதை முன்னேற்றம் எண்டார்கள். 2009 இல் விண்டோஸ் 7 இல் திரும்பவும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிற வழி வந்தது: விண்டோஸ் கீயோடு இடது அம்பு, அல்லது வலது அம்பு. யன்னல் பாதித் திரையில் போய் ஒட்டிக்கொள்ளும். உபுண்டுவிலும் அதே அழுத்தம்தான்.

நானும் அப்படிச் செய்து பார்த்தேன், சரிவரவில்லை. எங்கள் கடை மொனிட்டர் பழைய 17 அங்குலம், கிட்டத்தட்டச் சதுரம், அகலம் 1280 புள்ளிகள். பாதி எண்டால் 640. அதற்குள் வேர்டைத் தள்ளினால் வரி பாதியில் வெட்டுப்படும், மேலே இருக்கிற பட்டன்கள் எல்லாம் சுருங்கி நெரியும். கண்ட்ரோலும் எஃப் 1 உம் அழுத்திப் பட்டன் வரிசையை மடித்தேன். கொஞ்சம் இடம் கிடைத்தது, போதவில்லை.

வழி காட்டியது ஒரு அடிமட்டம். எனக்கு முன்னம் இங்கே டைப் பண்ணின ஐயா ஒருவர், தட்டெழுத்துப் பொறிக் காலத்து ஆள், பார்த்து அடிக்கிற கடதாசியில் வரிக்குக் கீழே அடிமட்டம் வைப்பாராம். அந்த வரி முடிந்தால்தான் அடிமட்டம் இறங்கும். அக்கா எப்போதோ சொன்னது. அதையே யன்னலில் செய்தேன். படத்தின் யன்னலைப் பெரிதாக்காமல், கீழ் விளிம்பில் மவுஸை வைத்தால் அம்பு இரண்டு பக்கமும் கூராக மாறும் இல்லையா, அப்போது பிடித்து மேலே தள்ளினேன். திரையின் மேல்பக்கத்தில் ஒரு பட்டிதான் மிச்சம். அதற்குள் பெயர் இருக்கிற வரி மட்டும், நன்றாகப் பெரிதாக்கி. அதற்குக் கீழே வேர்ட், முழு அகலத்துக்கு. நான் அடிக்கிற எழுத்துக்கு மேலேயே மூல எழுத்து நிற்கிறது. தலையில் சுமக்க ஒன்றுமில்லை.

எல்லா நிரலும் இப்படிச் சொல்வழி கேட்காது. சில பழைய நிரல்களில் விளிம்பில் அம்பு மாறவே மாறாது. செய்தவர் வைத்த அளவுதான் அளவு. இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாஸ்போட் படம் தெரிவு செய்யக் கடையில் ஒரு டிவியை இரண்டாவது திரையாக மாட்டியிருந்தோம். அதைக் கழற்றின பிறகு ஒரு நிரல் திறக்கும், கீழே பட்டையில் தெரியும், திரையில் இல்லை. அது கடைசியாக நின்ற இடத்தை, இல்லாத டிவியை, நினைவில் வைத்திருந்து அங்கேயே போய் நிற்கிறது. ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி, பிறகு 'எம்', பிறகு ஒரு அம்பு. மவுஸை அசைத்தால் யன்னல் கூடவே வரும். இது தெரியாமல் இரண்டு நாள் அந்த நிரல் பழுது எண்டே நினைத்திருந்தோம்.

இப்போது மொனிட்டரையும் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறேன். வருகிறவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். மேலே பட்டியில் அவருடைய பத்திரம், கீழே நான் அடிப்பது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். இங்கிலீஷ் எழுத்துத் தெரியாதவர்கள்கூட மேலேயும் கீழேயும் ஒரே உருவமா எண்டு பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒரு அம்மா அப்படித்தான் என்னுடைய 'யு' ஒன்றைப் பிடித்தா, அது 'வி' ஆக இருக்க வேண்டியது. நேரம் கூடப் போகிறது எண்டு அக்காவுக்கு ஒரு மனக்குறை. பின்னேரங்களில் வரிசை வாசல்வரைக்கும் நிற்கும்.

அந்த அண்ணா கட்டாருக்குப் போய் லீவில் வந்து நிற்கிறார். போன மாதம் மகளின் விண்ணப்பம் ஒன்று அடிக்க வந்தார். ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டு இருந்தார். நான் படத்தைத் திறந்ததும் கை தானாக முழுத்திரைக்குப் போனது.

"சின்னனாக்கி மேல வையுங்கோ பிள்ளை" எண்டார்.