பின்கட்டின் வாடகை

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் நம் முன்னோர். பிறர் கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று அவர்கள் சொல்லாமல் விட்டது ஏனோ? அந்த அனுபவம் நமக்கு ஓய்வுபெற்ற பின்னரே வாய்த்தது.

சேமித்த பணத்தில் ஒரு சிறு வீடு வாங்கி, வாடகையைக் கொண்டு முதுமையைக் கழிக்க எண்ணினோம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஓர் ஒழுங்கையில் அவ்வீடு இருந்தது. முன்னால் மூன்று அறைகள். பின்முற்றத்தை அடைத்து எழுப்பிய இரண்டு அறைகள். அவற்றின்மேல் தகரக் கூரையுடன் இன்னோர் அறை. "மூன்று வாடகை வரும், ஐயா!" என்று தரகர் விரல் மடக்கிக் காட்டினார். நாமும் மனக்கணக்குப் போட்டு மகிழ்ந்தோம்.

உறுதிகளை ஆராய்ந்த நொத்தாரிசு, காணியில் வில்லங்கம் இல்லை என்றார். அடுத்து, "பின்கட்டுக்கு அங்கீகரித்த வரைபடம் எங்கே?" என வினவினார். விற்பவரிடம் முன்வீட்டின் வரைபடமும் இணக்கச் சான்றிதழுமே இருந்தன. பின்கட்டுக்கு அவர் ஆதன வரிப் பற்றுச்சீட்டுகளை நீட்டினார். "வரி வாங்கியதனால் அனுமதி தந்ததாகாது" என்றார் நொத்தாரிசு.

1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டப்படி, எழுத்துமூல அனுமதியின்றி நகரத்தில் கட்டடம் எழுப்பவோ மாற்றவோ கூடாது; சான்றிதழின்றிப் புதுக்கட்டடத்திற் குடியிருக்கவும் கூடாது. 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் அதன் திருத்தங்களும், அனுமதியற்ற கட்டடத்தை இடிக்க நீதவானின் கட்டளை பெற வழி செய்கின்றன. முந்திய உரிமையாளரின் பிழை உறுதியோடு சேர்ந்து நம் கைக்கு வந்துவிடும்!

இதென்ன வீண் தொல்லை என்று முணுமுணுத்தபடியே பின்கட்டைப் பார்க்கச் சென்றோம். நண்பகலிலும் அங்கே விளக்கு எரிந்தது. யன்னலுக்கு ஒரு முழத் தூரத்தில் அயல்வீட்டு மதில். அவ்விளக்கின் கீழ் ஒரு பையன் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். மேலறையின் பாரத்தால் சுவரில் வெடிப்பு ஓடியிருந்தது. "ஐயா, நீங்கள் வாங்கினால் எங்களை எழுப்பிப்போடுவியளோ?" என்று கேட்டாள் அவன் தாய். நாம் வாய் திறக்கவில்லை.

கொழும்பில் பிளேக் நோய் பரவியது 1914இல். அடுத்த ஆண்டிலே வந்தது அந்தச் சட்டம். வீட்டின் பின்னால் வெளி விடவேண்டும் என்ற விதி காற்றுக்கும் ஒளிக்கும் உரியது என்பதை அந்த அறையிற்றான் உணர்ந்தோம்.

விதிக்கு அமைந்த கட்டடமாயின், கட்டிய பின்னரும் கட்டணம் செலுத்தி அங்கீகாரம் கோரலாம். இதுவோ முற்றத்தையே விழுங்கியது. ஒரு தட்டுக்கு இட்ட அத்திவாரம் மேலறையைத் தாங்காது எனப் பொறியியலாளரும் கூறினார். ஆகவே பின்கட்டுக்கு ஒரு சதமும் மதியாமல் விலை பேசினோம். முகஞ்சுளித்த விற்பவர், பின்பு வந்தவர்களும் வரைபடத்தையே கேட்டதனால் இணங்கினார்.

தாயையும் மகனையும் பழைய வாடகைக்கே முன்வீட்டின் ஓரறையில் இருத்தினோம். பின்கட்டை இடித்தோம். இடிப்புக் கூலியும் நம்முடையதே.

வீடு வாங்கப் புகும் அன்பர்களே, உறுதியோடு நின்றுவிடாதீர்கள். அங்கீகரித்த வரைபடத்தைக் கையிற் பிடித்து அறைகளை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை மிகுந்தால், அது இலாபமன்று.

தரகர் சொன்ன வருமானம் நமக்கு வரவில்லை. ஆயினும், பெருமழை பெய்யும் இரவுகளில் பிறர் பிள்ளையை நினைத்து அஞ்சாமல் உறங்குகிறோம்.