தெருவோரத்து மேடு

ஒன்ராறியோவில் பேரி நகரைத் தாண்டி வடக்கே வீடு வாங்குபவருக்கு, ரொறன்ரோவில் பழகிய பனி உதவாது. ஜோர்ஜியன் விரிகுடா இன்னும் உறையாத டிசம்பரில், அதன்மேல் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறியதும் கொட்டித் தீர்க்கும். 2024 நவம்பர் இறுதியில் கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் ஒரே வாரஇறுதியில் ஒரு மீட்டருக்கு மேல் விழுந்து, 11ஆம் நெடுஞ்சாலையையே மூட வேண்டிவந்தது. கோடையில் புல் வெட்டும் கார்டன் டிராக்டருக்கு முன்னால் ஸ்னோ புளோயர் பூட்டலாமா என்ற பேச்சு இப்படியொரு வாரத்துக்குப் பிறகுதான் எழுகிறது.

கேட்பவர்கள் பெரும்பாலும் அகலத்தில் தொடங்குகிறார்கள்: 42 அங்குலமா, 47 அங்குலமா? நான் அவர்களைத் தெருவோரத்துக்குக் கூட்டிப்போவேன். டிரைவ்வேயின் நடுவில் கிடப்பது புதுப்பனி. ஒரு கனமீட்டர் பெரும்பாலும் நூறு கிலோகூட வராது. தெருவில் பனி ஒதுக்கும் லாரி போனபின் வாசலில் விட்டுச்செல்லும் மேடு வேறு ரகம். உப்பும் சேறும் ஐஸ்கட்டியும் சேர்ந்து இறுகி, நாலைந்து மடங்கு கனக்கும். அந்தப் பத்தடியை எது வெட்டித் தள்ளுமோ அதைத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே டூ ஸ்டேஜ்தான் என் தீர்ப்பு. சிங்கிள் ஸ்டேஜில் முன்னால் சுழலும் திருகே அள்ளவும் வேண்டும், எறியவும் வேண்டும். ஈரப்பனி, வெளியே எறியும் குழாயில் அப்பிக்கொண்டால் வேலை நின்றுவிடும். டூ ஸ்டேஜில் திருகு நிதானமாக நடுவுக்குச் சேர்த்துக் கொடுக்க, பின்னாலிருக்கும் விசிறி தூக்கி எறிகிறது. 1925இல் கியூபெக்கில் ஆர்தர் சிகார் செய்த பனி எறியும் இயந்திரத்திலும் அள்ளும் பகுதி தனி, எறியும் பகுதி தனி. இரண்டு வருடம் கழித்து ஊற்றமோன் நகரம் அதை வாங்கியது.

புளோயரைத் தேர்ந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அத்தனை இரும்பு முன்னால் தொங்கும்போது பின்சக்கரம் பிடிமானமில்லாமல் வழுக்கும். டயருக்குச் சங்கிலி, பின்னால் எடைக்கட்டிகள் இரண்டும் வேண்டும்; சிலர் டயருக்குள் உறையாத சர்க்கரை பீட்ரூட் சாற்றை நிரப்புகிறார்கள், அதுவும் நல்ல வழியே. இந்தச் செலவையும் சேர்த்தே விலை பாருங்கள். ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் உள்ள டிராக்டரா என்பதையும் பாருங்கள். மேட்டுக்குள் நுழையும்போது வண்டி நத்தையாக ஊர வேண்டும், புளோயரோ முழு வேகத்தில் சுற்ற வேண்டும். கியர் மாற்றி ஓட்டும் டிராக்டரில் கால் எந்நேரமும் கிளட்ச்சிலேயே கிடக்கும். மெலிந்த சட்டமுள்ள சாதாரண லான் டிராக்டரில் இந்தப் பாரத்தை ஏற்றும்படி யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

கடையில் பார்க்கும்போது குனிந்து திருகின் தண்டைப் பாருங்கள். சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு போல்ட் இருக்கும், ஷியர் போல்ட். மேட்டுக்குள் புதைந்த கல்லோ விறகுக்கட்டையோ சிக்கினால் அது முறிந்து கியர்பெட்டியைக் காப்பாற்றும். அடிக்கடி முறிகிறதே என்று கடினமான போல்டை மாட்டுபவர்கள் பிறகு கியர்பெட்டிக்கே பணம் கட்டுகிறார்கள். உதிரியாக நாலைந்து வாங்கி, டிராக்டரிலேயே வையுங்கள். குழாய் அடைத்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கட்டையால் குத்துங்கள். அணைத்த பிறகும் இறுகிய பெல்ட் விசிறியை ஒரு தரம் சுண்டிவிடும், கையை விட்டால் விரல் போய்விடும்.

புல்வெட்டும் தட்டைக் கழற்றி, பெல்ட் கோத்து, சங்கிலி மாட்டும் வேலையை அக்டோபரில் வெயில் இருக்கும் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடுங்கள்.