ஓரியின் மலையில் ஒரு வடிகட்டி

காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்குச் சென்று திரும்புவோர் ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரரையும் பற்றி எழுதுவது மரபு. நாங்கள் எழுதப் புகுந்திருப்பதோ ஒரு சரக்கு வண்டியின் புகைக்குழாயைப் பற்றி. இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

எங்கள் குழுவின் நண்பரொருவர் மலையில் விளையும் அன்னாசியையும் வாழைத்தாரையும் நாமக்கல்லுக்கு இறக்கிப் பிழைப்பவர். அவர் வாங்கிய பழைய டீசல் பிக்கப், முந்தைய உரிமையாளரால் ‘ட்யூனிங்’ செய்யப்பட்டிருந்தது. அதாவது, எஞ்சினை ஆளும் கணினியின் மென்பொருளைத் திருத்தி, கூடுதல் டீசலைப் பீய்ச்சச் செய்து, ஓட்டுநர்கள் ‘புல்லிங்’ என்று சொல்லும் இழுவையைக் கூட்டியிருந்தார்கள். ஏற்றத்தில் வண்டி பறந்தது. நான்காம் மாதம் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பிறகொருநாள் சிமெண்டு மூட்டைகளோடு ஏறுகையில், பாதி மலையில் கணினியே எஞ்சினின் வலுவைக் கட்டிப்போட்டுவிட்டது. வண்டியில் நாங்களும் இருந்தோம்.

அடைபட்டிருந்தது துகள் வடிகட்டி. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளை ஒட்டி டீசல் வண்டிகளில் இடம்பிடித்த உறுப்பு அது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் நுண்குழல்கள் ஒன்றுவிட்டு ஒன்று ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். புகை சுவரின் நுண்துளைகள் வழியே வெளியேற, கரி உள்ளே தங்கிவிடும். தங்கிய கரியை ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் வண்டியே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்குச் சிறிது நேரம் தடையற்ற, சீரான ஓட்டம் தேவை.

மலைச்சாலை அதைத் தருவதில்லை. ஏறும்போது வளைவுதோறும் வேகம் குறைந்து, கியர் மாறி, மீண்டும் முடுக்க வேண்டும். அப்போது போதிய காற்றின்றிப் பீய்ச்சப்படும் மிகை டீசல் கரியாகிறது. கியரில் இறங்கும்போது டீசல் நின்றுபோய்ப் புகைக்குழாய் குளிர்ந்துவிடுகிறது. எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால், அதற்கெனப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்.

இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓரம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஊடுருவியதைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ட்யூனிங்கும் அத்தகைய அம்புதான். வடிகட்டி, டர்போ, ஆயில், எஞ்சின் எனத் துளைத்துச் சென்று மனித நுரையீரலில் தைக்கிறது.

அடிவாரத்துப் பட்டறையொன்றில் கிடைத்த முதல் யோசனை, “உள்ள இருக்கற கல்ல உடைச்சு எடுத்துருங்கண்ணா, தொல்லை தீந்துது” என்பது. செலவு குறைவு, வண்டியும் பழையபடி பறக்கும். நின்றுபோன வண்டியால் நாள்தோறும் வருமானத்தை இழந்துகொண்டிருந்த நண்பர் ஏறக்குறைய இசைந்துவிட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிப்பதை எடுத்துச் சொன்னோம். அது அவரை அசைக்கவில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியதைச் சொன்னபோது மௌனமானார். செம்மேட்டுச் சாலையோரம் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளுள் அவர் மகளும் ஒருத்தி.

வடிகட்டி கழற்றப்பட்டு, சூளையில் சுடப்பட்டு, அழுத்தக்காற்றால் எதிர்த்திசையில் ஊதப்பட்டது. மென்பொருள் மூல நிலைக்குத் திரும்பியது. ஆயில் விடும் சாம்பல் எரிந்து போகாதாகையால், சாம்பல் குறைந்த ஆயில் ஊற்றினார்கள். இப்போது வாரமொருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டுகிறார். புல்லிங் குறைந்தது உண்மை. நடைக்குச் சில மூட்டைகளைக் குறைத்துக்கொண்டார். அந்த நட்டத்தை மாதந்தோறும் அவரே ஏற்கிறார்.

பழைய டீசல் வண்டி வாங்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஏற்றத்தில் பறக்கிறதா என்று மட்டும் பாராதீர்கள். கணினி மூல நிலையில் உள்ளதா, வடிகட்டிக்குள் பீங்கான் இருக்கிறதா என்று தேர்ந்தவரிடம் காட்டிய பின்பே முன்பணம் கொடுங்கள்.