அழைத்த விருந்தினரும் அளந்த அரிசியும்

ஊர்விட்டு ஊர் வந்து குடித்தனம் நடத்தும் நமக்கு, சிறிய வீட்டில் பல விருந்தினரைத் தங்கவைக்கும் கலை புதிதன்று. என் தொழிலும் ஏறக்குறைய அதுவே என்றால் அன்பர்கள் வியக்கக்கூடும். ஓர் அலுவலகத்தின் சர்வரைப் பராமரிப்பது என் உத்தியோகம். யூனிக்ஸ் மரபில் வந்த ஃப்ரீபிஎஸ்டியில் அஃது இயங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஓர் இயந்திரம். உள்ளேயோ 10 இயந்திரங்கள்! கணக்குக்கு ஒன்று, கடிதப் போக்குவரத்துக்கு ஒன்று என, ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினியாகவே எண்ணி வேலை செய்கிறது. இவற்றை வர்ச்சுவல் மெஷின் என்பர். தாங்கும் இயந்திரத்தை ‘ஹோஸ்ட்’ என்றும், உள்ளிருப்பவற்றைக் ‘கெஸ்ட்’ என்றும் எங்கள் தொழிலில் வழங்குவோம். விருந்தோம்புபவர், விருந்தினர், எவ்வளவு பொருத்தமான பெயர்கள்!

இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. 1972-இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த விஎம்/370, ஒரே பெரிய கணினியைப் பலருக்கும் தனித்தனிக் கணினியாகக் காட்டியது. ஃப்ரீபிஎஸ்டியில் அப்பணியைச் செய்யும் பீஹைவ், 2014-இல் வெளிவந்த 10.0 பதிப்பில் இடம்பெற்றது. வட்டுகளை ஆளும் இசட்எஃப்எஸ், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 2001-இல் தொடங்கப்பெற்ற படைப்பு.

எங்களிடம் 4 டெராபைட் வட்டுகள் இரண்டு உண்டு. ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் எழுதப்படும்; ஆகவே பயன்படும் இடம் 4 டெராபைட்டே. நானோ, 10 விருந்தினருக்கும் தலைக்கு 600 ஜிகாபைட் என்று வாக்களித்திருந்தேன். கூட்டினால் 6 டெராபைட்! 30 பேரை அழைத்துவிட்டு 20 பேருக்கு உலை வைப்பது போன்றது இது. எல்லாரும் ஒரே பந்தியிலா வந்து அமரப் போகிறார்கள் என்ற நம்பிக்கைதான். இது மோசடியன்று, இசட்எஃப்எஸ் இதற்கு இடந்தருகிறது. ஆனால் அரிசிப் பானையை அன்றாடம் எட்டிப் பார்த்தாக வேண்டும். நான் பார்க்கவில்லை.

போதாக்குறைக்கு, இரவுதோறும் ‘ஸ்னாப்ஷாட்’ எடுத்து வந்தேன். இசட்எஃப்எஸ் பழைய எழுத்தின்மேல் எழுதுவதில்லை. மாற்றங்களை வேறிடத்தில் எழுதும். ஆதலால் அன்றைய நிலையை அப்படியே நிறுத்திவைக்க ஒரு நொடி போதும். முதலில் இடமும் தேவைப்படாது. ஆனால் பின்னர் நாம் அழிப்பதையெல்லாம் ஸ்னாப்ஷாட் விடாது பிடித்துக்கொள்ளும். நாளாக ஆக அதன் சுமை ஏறும்.

ஒரு சனிக்கிழமை மாலை, கணக்குப் பிரிவு அம்மையார் வந்தார். “சென்ற ஆண்டின் ரசீதுப் பதிவேட்டை மூன்று வாரத்துக்கு முன் தவறுதலாக அழித்திருக்கிறேன், இன்றுதான் தெரிந்தது. மீட்க முடியுமா?” என்றார்.

“கவலைப்படாதீர்கள். பழைய ஸ்னாப்ஷாட்டில் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்துத் தருகிறேன்” என்றேன்.

அன்றிரவே வட்டுகள் நிரம்பிவிட்டன. விருந்தினர் எவராலும் ஓர் எழுத்தும் எழுத இயலவில்லை. பதறிப்போய், அவர்களுடைய வட்டுகளுக்குள் இருந்த வேண்டாத கோப்புகளை அழித்தேன். ஒரு பைட்டும் மீளவில்லை! அழித்தவற்றை ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்துக்கொண்டிருந்தன. உடனே பழையவற்றிலிருந்து தொடங்கி ஸ்னாப்ஷாட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கினேன். அரை மணியில் இயந்திரங்கள் மூச்சுவிட்டன. பெருஞ்செயல் புரிந்தவன்போல் வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை, அம்மையார் புன்னகையுடன் என் மேசை முன் நின்றபோதுதான், அந்தப் பதிவேட்டையும் சேர்த்து அழித்துவிட்டது என் நினைவுக்கு வந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு சொல்லும் சினந்து கூறவில்லை. அலமாரியிலிருந்து காகித ரசீதுகளை எடுத்துவந்து முதலிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினார். முடிக்க 11 நாட்கள் ஆயின. மாலைதோறும் அருகில் அமர்ந்து தொகைகளை வாசித்துச் சொன்னேன். அந்தப் பொறுமை முகத்தைக் காட்டிலும் கடிய தண்டனை வேறு வேண்டுமா?

இன்று கணக்கு இயந்திரத்துக்கு உரிய இடத்தை முன்னதாகவே ஒதுக்கிவிட்டேன். வட்டு 80 விழுக்காடு நிறைந்ததும் எச்சரிக்கை வருகிறது. இரவுதோறும் ஒரு பிரதி வேறொரு கட்டடத்திலுள்ள இயந்திரத்துக்குச் செல்கிறது. மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுச் சரிபார்க்கிறேன். மீட்டுத் தருமாறு எவரேனும் கேட்டால், அன்றே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுகிறேன்.

அன்பர்களே, உங்கள் கைப்பேசியிலும் பிள்ளைகளின் படங்களும் பெற்றோரின் குரலும் இருக்கும். ஒரே பெட்டிக்குள் எத்தனை பிரதிகள் வைத்தாலும், பெட்டி போனால் எல்லாம் போயிற்று. இன்றே வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வைத்ததை ஒருமுறை திறந்தும் பாருங்கள்.